காகம் மறைத்த முடிச்சு

தூக்கணாங்குருவி தன் நெசவை யாருக்கும் சொல்லித் தராது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது கடுமையான பிழை, இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அது இலவசமாகவே சொல்லித் தந்தது. நிபந்தனைகள் இரண்டு. முதலாவது: அந்த நெசவில் பிறருக்குக் கூடு கட்டித் தருபவர், தான் செய்த மாற்றங்களோடு முறையையும் சொல்லித் தர வேண்டும்.

இரண்டாவதைக் கேட்கக் காகம் காத்திருக்கவில்லை. "சம்மதம், சம்மதம்" என்று கரைந்துவிட்டுப் பறந்தது. முதலில் தனக்கொரு கூடு கட்டிக்கொண்டது. பிறகு, அடியில் புது முடிச்சு ஒன்றைச் சேர்த்துத் தேன்சிட்டுக்கும் ஒரு கூடு கட்டித் தந்தது.

முதல் மழையிலேயே முடிச்சு தளர்ந்தது.

"காக்காண்ணே, முட்டை சரியுது! முடிச்சை எப்படிப் போட்டீங்கன்னு சொல்லுங்க, நானே இறுக்கிக்கிறேன்."

"அது தொழில் ரகசியம் தங்கச்சி. மழை விடட்டும், நானே வந்து பார்க்கிறேன்."

"அதுவரைக்கும் முட்டை அந்தரத்துல நிக்குமா?"

பக்கத்துக் கிளையில் தூக்கணாங்குருவி தொண்டையைச் செருமியது. "காக்கா, நீ கேட்காமப் போன ரெண்டாவது நிபந்தனையைச் சொல்றேன். முறையை மறைச்சவங்க இந்த நெசவுல குடியிருக்கக் கூடாது."

"உள்ளே என் வீட்டுக்காரி அடைகாக்கிறாளே!"

"அவங்களுக்கும் சேர்த்துத்தான்."

காகம் முதல் இழையிலிருந்து கடைசி முடிச்சு வரை விளக்கியது, மழையையும் மீறித் தோப்புக்கே கேட்கும்படி. தேன்சிட்டு முடிச்சை இறுக்கியது; முட்டைகள் தப்பின.

இலை மறைவில் குயிலும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு அது தனக்கென்று ஒரு கூடு கட்டிக்கொண்டது. காகம் தன் குஞ்சுகளை மட்டும் வளர்த்தது.