கிழங்குக் கொடி

மலைவாசிப் பெண் மாசியின் சனத்தை அரசு மலையைவிட்டு இறக்கியது முறையா என்று நேரில் பார்க்க, பல நாடுகளுக்குப் பொதுவான மனித உரிமை நீதிமன்றத்திலிருந்து ஒரு நீதிபதியம்மா மாசியோடு அந்த மலைக்கு வந்திருந்தார்.

"நீங்கள் வாழ்ந்த அடையாளம் எதுவுமே இல்லையே?" என்றார்.

மாசி ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டே போய்த் தோண்டினாள். கை நீளத்துக்குக் கிழங்கு வந்தது.

"எங்கம்மா வெச்சதுங்க. மறுநாளுதான் எங்கள எறக்கினாங்க."

கிழங்கை ஒடித்தவள், கொடியோடு இருந்த தலைப்பகுதியை, மறுபடி விளையட்டும் என்று வழக்கம்போலக் குழிக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"தீர்ப்பு எப்படி வருமென்று தெரியாதே, மாசி?"

"எப்படி வந்தாலும், இங்க வர்றவங்களுக்குப் பசிக்குமுல்லங்க."

நீதிபதியம்மா மண்டியிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழியில் போட்டார். மாசி அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து மெல்ல அமுக்கினாள்.

"இனிமே இது நீங்க வெச்சதுங்க."