பழைய எக்ஸ்ரே அறை

"இலவசமா கிடைக்குதேன்னு எதையாவது கொண்டு வந்து வச்சா, இப்படித்தான் பல்லை இளிக்கும்!"

பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில், பதிவு கவுன்டர் முன்னால் நின்ற நோயாளிகள் தங்கள் வலியை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். திட்டு வாங்கியவள் கம்ப்யூட்டர் பொண்ணு. அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதுதான் பெயர்.

முந்தின நாள்தான், மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளைப் போட்டு, சின்ன சர்வராக மாற்றியிருந்தாள். ஆஸ்பத்திரியில் எந்த மெஷினை ஆன் செய்தாலும் அதற்கு ஓர் எண்ணை முகவரியாகக் கொடுக்கும். லேப் எங்கே, மருந்தகம் எங்கே என்று அந்த மெஷின்கள் கேட்டால் வழியும் சொல்லும். நேற்று ஜம்மென்று ஓடியது. இன்று காலை பாதி மெஷின்கள் படுத்துவிட்டன.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகணும். இல்லன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க. பழைய கம்பெனிக்காரங்களையே கூப்பிட்டுக்கறேன்."

சொந்தமாகத் தொழில் தொடங்கி அவள் பிடித்த முதல் இடம் இது. இதுவும் கைநழுவினால், "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்று காத்திருக்கும் அண்ணன் வாய்க்குப் பூட்டே போட முடியாது.

'இதெல்லாம் ஒரு மனுஷனா? நோயாளிங்க மேலயும் இப்படித்தான் எரிஞ்சு விழுவாரோ?' என்று மனசுக்குள் கருவிக்கொண்டே சர்வர் முன்னால் உட்கார்ந்தாள்.

எழுதி வைத்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. எழுந்துபோய், படுத்துவிட்ட கவுன்டர் மெஷினைப் பார்த்தாள். அங்கேதான் பிடிபட்டது.

அவள் சர்வர் கொடுப்பது பத்தில் ஆரம்பிக்கும் எண்கள். இந்த மெஷினிடம் இருந்ததோ நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஆரம்பித்தது. வேறு ஏதோ ஒரு பெட்டி இவள் சர்வரை முந்திக்கொண்டு, இஷ்டத்துக்கு முகவரியை வாரி வழங்கிக்கொண்டிருக்கிறது!

கேபிள்கள் வந்து சேரும் இடத்துக்குப் போனாள். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, கவுன்டர் மெஷினை மறுபடி முகவரி கேட்க வைத்தாள். ஒரு கேபிளைப் பிடுங்கியதும் கவுன்டருக்கு உயிர் வந்தது. அந்தக் கேபிளில் 'எக்ஸ்ரே' என்று எழுதியிருந்தது.

எக்ஸ்ரே அறை மாடிக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. பழைய அறை இப்போது தொற்று நோயாளிகளுக்கு. கதவில் பெரிய டாக்டரின் நோட்டீஸ்: 'செல்போன் கூடவே கூடாது.'

தலைமை நர்ஸ் வழிமறித்தார். "உங்களுக்கு அம்மை வந்து போயிருக்கா?"

"சின்ன வயசுலயே வந்துடுச்சு சிஸ்டர்."

"அப்ப மாஸ்க் போட்டுட்டு வாங்க."

உள்ளே கட்டிலில் ஓர் இளம்பெண், முகமெல்லாம் கொப்புளம். கையில் செல்போன்.

"சிஸ்டர், இப்பத்தான் கண்ணைத் திறந்து பார்த்தான். அதுக்குள்ள நின்னுபோச்சு..." என்று நர்ஸிடம் போனை நீட்டினாள்.

கட்டிலுக்குப் பின்னால் சுவரோரம் இருந்தது அந்தப் பெட்டி. வீட்டில் வைக்கும் சாதாரண வைஃபை ரௌட்டர்.

நர்ஸ் கம்ப்யூட்டர் பொண்ணைத் தனியே அழைத்துப் போனார். "பிரசவமாகி வீட்டுக்குப் போனவங்க. போன கையோட அம்மை, நேத்து ராத்திரிதான் இங்க சேர்த்தோம். பச்சைக் குழந்தை பாட்டிகிட்ட இருக்கு. எக்ஸ்ரே வெளியே போகாம இருக்க இந்தச் சுவரெல்லாம் ஈயத் தகடு, போன்ல துளி சிக்னல் வராது. பெத்தவ பிள்ளை முகத்தைப் பார்க்க வேணாமா?"

"அதுக்காக நீங்க மாட்டினீங்களா சிஸ்டர்?"

நர்ஸ் கொஞ்சம் தயங்கினார். "நானே மாட்டினதா வச்சுக்கோங்கம்மா. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு, அது முகவரி கொடுக்கும் வசதியை மட்டும் அணைத்தாள். கேபிளைத் திரும்பச் செருகினாள். கவுன்டரும் ஓடியது, கட்டிலில் இருந்தவள் போனில் குழந்தையும் வந்தது. அவள் திரையைத் தடவித் தடவிப் பார்த்ததில் கம்ப்யூட்டர் பொண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் அறைக்குப் போகும்போது கால் தயங்கியது. அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மூக்கு உடையும், தன் பெயரும் தப்பும். ஆனால் சிஸ்டர் வேலைக்கு வேட்டு. போகட்டும், அண்ணன் பேச்சுதானே, கேட்டுத் தொலைப்போம் என்று கதவைத் தட்டினாள்.

"எல்லாம் சரியாயிடுச்சு சார்."

"என்ன கோளாறு?"

"என் தப்புதான் சார். ஒரு வரியை மாத்தி எழுதிட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சரி, சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர் போன் பண்ணிட்டாங்க. அந்த ரௌட்டர்தான் காரணமாமே?"

"சார், அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தம்மா தவிக்கிறதைப் பார்த்தா யாரா இருந்தாலும்..."

"அவங்களை எதுக்குச் சொல்லப்போறேன்? வாங்க வெளியே. காலையில எல்லார் முன்னாடியும் திட்டினேன்ல, அதே இடத்துல நின்னு, தப்பு உங்களோடது இல்லன்னு நானே சொல்றேன்."

கதவைத் திறக்கப் போனவர் திரும்பினார். குரல் சுத்தமாக இறங்கியிருந்தது.

"ஆனா அந்த ரௌட்டரை என் வீட்டுலருந்து கழட்டிட்டு வந்து மாட்டினது நான்தான்னு மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. அப்புறம் இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தரும் எனக்குப் பயப்பட மாட்டாங்க."