யாருடைய வற்புறுத்தலும் இன்றி

“யாராச்சும் வற்புறுத்திக் கையெழுத்துப் போடச் சொன்னாங்களாம்மா?”

பத்திரப்பதிவு அதிகாரி எல்லோரிடமும் கேட்பதைத்தான் மோகனப்பிரியாவிடமும் கேட்டார்.

சங்ககிரிப் பக்கம் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் விவசாயக் காட்டில் தன் பங்கைத் தம்பி சரவணக்குமாருக்கு விட்டுக்கொடுக்க வந்திருந்தாள். விடுதலைப் பத்திரத்தில், ‘முழு சம்மதத்துடனும், யாருடைய வற்புறுத்தலும் இன்றியும்’ என்று வழக்கம்போல் அச்சாகியிருந்தது.

“ஆமாங்க சார். வற்புறுத்தித்தான் கூட்டிட்டு வந்தாங்க.”

சாட்சிக்கு வந்திருந்த தாய்மாமன் கண்ணுசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்த வீட்டில் பட்டுச் சேலை வாங்கிக்கொண்டு, இந்தக் கேள்விக்கு “இல்லைங்க” என்று சொல்லிவிட்டு வருவதுதானே வழக்கம்? அந்த வரிக்கு அர்த்தம் உண்டென்று இதுவரை எந்தப் பெண்பிள்ளையாவது நினைத்ததுண்டா?

“அப்படின்னா பதிய முடியாதுங்க.” அதிகாரி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் கண்ணுசாமி பிடித்துக்கொண்டார்.

“ஏம் புள்ள, உனக்கு மனசாட்சி இருக்குதா? இப்பக் கட்டியிருக்கற சேலையே அவன் எடுத்துக் குடுத்ததுதான். கண்ணாலம், சீரு, கொழந்தைக்குக் காதுகுத்துன்னு எதுல உனக்குக் கொறை வெச்சான்?”



“இவகிட்ட என்ன பேச்சு மாமா! இனி எங்கூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது!” என்று கத்தினான் சரவணக்குமார்.

அவன் மனைவி சரிதா அவனுக்கும் மேலே போனாள். “தம்பி பொண்டாட்டி புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கோணும்னு பாக்கறீங்களா நங்கை? நல்லா இருப்பீங்களா?”

நாத்தனாரை நன்றாகத்தான் கேட்டாள் என்று கண்ணுசாமி நினைத்துக்கொண்டார். கூடப்பிறந்தவளே கழுத்தறுத்தால் ஊரானைச் சொல்லி என்ன பிரயோசனம்? பட்டுச் சேலை ஒன்றுதான் கேடு!

சரவணக்குமார் கார் எடுக்கப் போனான். கண்ணுசாமிக்குத் தொண்டை வறண்டிருந்தது. குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியவர், சுவரோரம் அப்படியே நின்றுவிட்டார்.

சரிதா, நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தா, இந்தக் காட்டையும் வித்துச் சீட்டாட்டத்துல உட்டிருப்பாருங்க நங்கை. நேத்து நான் போன்ல கெஞ்சுனேன்னு, இத்தனை பேச்சையும் நீங்களே வாங்கிக்கிட்டீங்களே!”