துணிச்செருப்பு

யாங்சி ஆற்றின் சரிவில், அணைத்தண்ணீர் ஏறி நிற்கப்போகும் உயரத்துக்கு இழுத்த வெள்ளைக்கோட்டுக்குக் கீழே, புது ஊருக்குக் குடிபெயரும் ஊரே, தன் மூத்தோரின் எலும்புகளை எடுத்துப்போகக் கல்லறைகளைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. எலும்புமேல் வெயில் படக்கூடாதென்று குழிக்குக் குழி கருப்புக்குடைகள் விரிந்திருக்கின்றன. ஷூஃபென்னின் குடை மட்டும் மடங்கியே கிடக்கிறது. ஆறு கொண்டுபோன அவள் கணவனின் உடல் கிடைக்கவேயில்லை. அவனுடைய சட்டையையும் துணிச்செருப்பையும்தான் இங்கே புதைத்தார்கள். “சாயங்காலம் கப்பல் கிளம்பிரும் அண்ணி, தோண்டட்டுமா?” என்று மண்வெட்டியோடு நிற்கிறான் கொழுந்தன் தாலின். அவள் தலைமாட்டுப் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறாள். கீழே பழுப்புத் தண்ணீர் ஆரஞ்சு மரங்களின் முதல் வரிசையைத் தொட்டுவிட்டது. “புது ஊர்ல யாருக்கு ஊதுபத்தி ஏத்துவீங்க?” அவள் நிமிராமலே சொல்கிறாள்: “உங்கண்ணன் பதினோரு வருஷமா ஆத்துக்குள்ள வெறுங்காலோட கிடக்காரு. இப்பத்தான் ஆறே மேல ஏறி வருதே... வந்து செருப்ப மாட்டிக்கட்டும்.”