நாய்க்கு ஏற்ற தீனி

“இன்னிக்கும் ஒத்துக்கிற தீனி கிடைக்கலைன்னா, இதை என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான் அண்ணே,” என்றாள் மனைவி, நாய்த்தீனிக் கடைக்காரரிடம். கணவர் நாயை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

கடைக்காரர் ஒரு பையை எடுத்தார். “கோழி?”

“கன்னமெல்லாம் தடிச்சிடும்.”

“மீன்?”

“நாள் முழுக்கச் சொறிச்சல்.”

“அப்போ ஆட்டுக்கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கலந்த இது நிச்சயம் ஒத்துக்கும். பாவம், வாயில்லா ஜீவன், என்ன பாடுபட்டுச்சோ!”

“அதுக்கென்ன பாடு? செருப்பைத் தின்னாலும் செரிச்சிடும். ஒத்துக்காதது இவருக்கு! அது தின்ன வாயோட வந்து நக்கும். இவரும் மூஞ்சியை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு.”

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நாய் அப்போதும் கணவரின் கன்னத்தைத்தான் நக்கிக்கொண்டிருந்தது.

“ரெண்டு பையா குடுங்க அண்ணே. எனக்கு ஒரு நாளாவது இப்படி முகத்தைக் காட்டியிருக்காரா இந்த மனுஷன்!”