குறுக்குவெட்டு

"அக்கா, பிளேடைக் கீழ வை. நீ பூனைக்குட்டியக் கூட அறுத்துப் பாத்துட்டுத்தான் வரைவ."

தம்பி உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டான். உள்ளே இரண்டு அவரை விதைகள். கறுப்பு, ஓரத்தில் சிவப்புக் கீற்று. அந்த ரகத்தில் மிச்சம் இவ்வளவுதான். அவன் வளர்த்த கடைசிக் கொடி போன வாரம் செத்துவிட்டது.

பழைய பயிர்களின் ஓவியக் கண்காட்சிக்கு என்னிடம் படம் கேட்டிருந்தார்கள். பூ, இலை, காய் எல்லாம் அசல் அளவில் வரைந்தாயிற்று. பாக்கி, விதையின் குறுக்குவெட்டு. பிளந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து வரைய வேண்டும். பார்க்காததை வரையக் கூடாது. இந்த வேலையில் சட்டம் என்றால் அது ஒன்றுதான்.

வெட்டவில்லை. வெளிக்கோட்டை மட்டும் போட்டு, உள்ளே வெள்ளையாக விட்டேன்.

தம்பி ஒரு விதையை ஊன்றினான். முளைக்கவில்லை. தோண்டி எடுத்து நகத்தால் பிளந்தான்.

அழுகல் இல்லை. பூச்சி துளைத்த தடமும் இல்லை. உள்ளே எதுவுமே இல்லை. தோலின் உட்புறம் காகிதம் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"சொத்தை," என்றான். குரலில் தெம்பில்லை. மிச்சமிருந்த ஒன்றையும் அப்போதே தொட்டியில் ஊன்றினான்.

என் படத்தில் நான் விட்டிருந்த அதே வெள்ளை. அவனிடம் சொன்னால் மறை கழன்றுவிட்டது என்பான். அடுப்படியிலிருந்து கடையில் வாங்கிய அவரை விதை ஒன்றை எடுத்துப் பிளந்தேன். அதைப் பார்த்துப் பார்த்து, படத்தில் விட்ட வெள்ளையை நீர்வண்ணத்தால் நிரப்பினேன். இரண்டு பருப்பு, நடுவே மடங்கிக் கிடக்கும் குருத்து. குருத்துக்கு வெளிர்பச்சை.

தூரிகையைக் கழுவக்கூட இல்லை.

"அக்கா, வந்துருச்சு! ஓடியா!"

தொட்டியில் விரல் உயரத்துக்கு முளை. தம்பி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

குனிந்து பார்த்தேன். இலையின் வலது பாதி நிழலாக இருந்தது. ஜன்னல் இருப்பதும் வலது பக்கம்தான்.

செடிகளை வரையும் நாங்கள் படங்களில் எப்போதும் வெளிச்சத்தை இடது பக்கமிருந்துதான் விழவைப்போம்.

தொட்டியை மெல்லத் திருப்பினேன். நிழலும் இலையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது.

"ஊத்தாதடா!"

அதற்குள் குவளையைச் சாய்த்துவிட்டான்.

தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் வெளிர்பச்சையாக வழிந்தது. முளை நின்ற இடத்து ஈர மண்ணைத் தம்பி விரலால் கிளறிக்கொண்டே இருந்தான்.