உள்பக்கம் பார்த்த போர்டு

"போர்டு டிரைவருங்க பக்கம் வேணாம். கேபின் ஜன்னலைப் பாத்த மாதிரி, உள்பக்கமா மாட்டிடுங்க."

சாலிஹா சொன்னதும், ஏணியில் பாதி ஏறியிருந்த மெர்சி அப்படியே நின்றாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் கம்பெனி அது. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துக்குச் சொந்தம். அந்த வீட்டுப் பெண் சாலிஹாதான் இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள்.

மெர்சி, எடைமேடைகளுக்கு டிஸ்பிளே போர்டு மாட்டித் தரும் டெக்னீஷியன். லாரி மேடையில் ஏறியதும், எடை எவ்வளவு என்று டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கத்தான் அந்த போர்டு. எண் ஒவ்வொன்றும் நாலு அங்குலம், சிவப்பில் எரியும்.

"மேடம், இதை டிரைவருங்க பாக்கறதுக்குன்னே செய்யறாங்க."

"தெரியும். நான் சொல்ற பக்கம் மாட்டுங்க."

இரும்பை இறக்கிவிட்டு, காலி வண்டிக்கு எடை போட நின்றிருந்த வீரராகவன் லாரியிலிருந்து தலையை நீட்டினார்.

"பாத்தியா நைனா கதைய? புது போர்டு வாங்கியும் நமக்கு முதுகைத்தான் காட்டப் போறாங்க!"

பின்னால் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். கேபினில் உட்கார்ந்து எடை போடும் பாக்கியநாதன் மேல் அவர்களுக்கு ஏற்கெனவே சந்தேகம். ஒரு மாதமாக அவர் வாயால் சொல்வது ஒன்று, மெஷின் அடித்துத் தரும் சீட்டில் இருப்பது இன்னொன்று. கேட்டால், "சீட்டுல இருக்கறதுதான் கரெக்ட், போய்க்கினே இரு" என்று எரிந்து விழுவார்.

மெர்சிக்கு விஷயம் புரிந்துபோயிற்று. மேடமும் ஆபரேட்டரும் கூட்டு!

"சரி மேடம். ஆனா டெஸ்ட் பண்றப்ப மட்டும் வெளிப்பக்கமாத்தான் வெப்பேன்" என்று போர்டை டிரைவர்களைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். சாலிஹா ஏதோ சொல்ல வாயெடுத்து, கேபினைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் இருந்துவிட்டாள்.

கேபிளை இணைத்தாள். எண்ணுக்குப் பதிலாக போர்டு முழுக்க வெறும் கோடுகள்.

"இன்னாம்மா, கோலம் போடுது?" என்றார் வீரராகவன்.

மெர்சி அலட்டிக்கொள்ளவில்லை. கேபினில் இருக்கும் மெஷின் அனுப்புகிற வேகமும், போர்டு வாங்கிக்கொள்கிற வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். செட்டிங்கில் 9600ஐ 2400 ஆக்கினாள். கோடுகள் மறைந்து, பளிச்சென்று ஒரு பூஜ்யம்.

"இப்ப ஏத்துங்கண்ணே வண்டிய!"

லாரி ஏறியது. போர்டில் 9380.

மெர்சி வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள். "சார், உங்க மெஷின்ல எவ்ளோ காட்டுது? சத்தமா சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும்."

பாக்கியநாதன் மேஜை மேலிருந்த மெஷினில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"ஒம்பதாயிரத்து... எண்ணூத்தி எம்பது."

வெளியே ஒரே கூச்சல். "காலி வண்டில ஐநூறு கிலோ ஏத்திச் சொல்றான்யா! அப்ப நம்ம லோடுல ஐநூறு கிலோ போச்சு! இத்தினி நாளா இதான் நடந்துக்கினு இருந்துச்சா?"

மெர்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மெஷினிலும் 9380தான். வெற்றியோடு சாலிஹா பக்கம் திரும்பினாள்.

"இதுக்குத்தான் உள்பக்கமா மாட்டச் சொன்னீங்களா மேடம்?"

"ஆமா, இதுக்குத்தான்."

சாலிஹா அவள் கையைப் பிடித்துக் கேபினுக்குப் பின்புறம் கூட்டிப்போனாள்.

"அவருக்கு சுகர். கண்ணு மங்கிக்கினே வருது. சின்ன எழுத்துல மூணும் எட்டும் ஒரே மாதிரி தெரியுது போல. சீட்டை மெஷினே அடிச்சிடுது, அதுல தப்பு வராது. வாயால சொல்றப்பதான் மாறிப்போவுது. பெரிய எழுத்தா ஜன்னலுக்கு நேரா இருந்தா படிச்சிடுவாரு. கண்ணு தெரியலன்னு நான் கண்டுபிடிச்சது தெரிஞ்சா, அன்னிக்கே வேலைய உட்டுட்டுப் போயிடுவாரு. அப்படிப்பட்ட மனுஷன்."

மெர்சிக்குக் காது சுட்டது. கேபினுக்குள் பாக்கியநாதன் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் நேராக டிரைவர்களிடம் போனாள்.

"அண்ணே, கத்தாதீங்க. தப்பு என்னுது. நம்பர் நிலையா நிக்கறதுக்கு முன்னாடியே அவரைக் கேட்டுட்டேன். சீட்டைப் பாருங்க."

வீரராகவன் சீட்டை வாங்கிப் பார்த்தார். 9380. "சீட்டு கரெக்டாத்தான்மா இருக்குது" என்று முனகிக்கொண்டே வண்டியை இறக்கினார்.

மெர்சி போர்டை உள்பக்கமாகத் திருப்பி, நட்டு போல்ட்டை இறுக்கினாள்.

அடுத்த லாரி ஏறியது. பாக்கியநாதன் மெஷின் பக்கம் குனியவில்லை. ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டாயிரத்து எண்ணூத்தி முப்பது!"

குரல் கணீரென்று வந்தது. சீட்டிலும் 8830.

கிளம்பும்போது மெர்சி தயங்கினாள். "அப்ப டிரைவருங்களுக்கு மேடம்?"

"அவங்களுக்கும் ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு. அடுத்த வாரம் நீங்களே வந்து வெளிப்பக்கமா மாட்டிடுங்க."

"இது ஏன் உள்பக்கம் பாக்குதுன்னு சார் கேட்டா?"

"டெக்னீஷியன் பொண்ணு தப்பா மாட்டிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லப் போறேன்."

"தாராளமா சொல்லுங்க மேடம்" என்றாள் மெர்சி. "கேட்டா நானும் அதையேதான் சொல்லுவேன்."